இந்த வரிசை முடியட்டும்

விடு, சுத்து, இழு. மறுபடி சுத்து, ரெண்டையும் சேர்த்து இழு. இவ்வளவுதான் விஷயம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்து சொல்லிக்கொடுத்துவிட்டு, பெல் அடிப்பதற்குள் கம்பெனிக்குத் திரும்பி ஓடிய தோழி ஜெனோவா இதை ஒரு பாட்டு மாதிரிதான் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல அவள் விரல்களுக்கு நடுவில் குரோஷா ஊசி தானாக நடந்தது. முனையில் இருந்த சின்னக் கொக்கி நூலைக் கவ்வுவதும் கண்ணிக்குள் நுழைவதும் வெளியே வருவதும் கண்ணுக்கே தெரியவில்லை. வாசுகியிடம் வந்ததும் அதே ஊசி முரண்டு பிடித்தது. கண்ணிக்குள் நுழைய மாட்டேன் என்றது, நுழைந்தால் வர மாட்டேன் என்றது. குற்றம் ஊசியுடையது இல்லை என்று வாசுகிக்குத் தெரியும். எட்டு வருஷம் திருப்பூரில் பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் நின்ற கை அது. தையல் ஒரு இழை தளர்ந்திருந்தாலும் போதும், சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி, துண்டை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு அடுத்ததை எடுக்கும் கை. அதற்குத் தளர்வு என்றாலே குற்றம். அதனால் ஒவ்வொரு கண்ணியையும் போட்டதும் சுருக்கென்று ஒரு இழு இழுத்து இறுக்கியது. இறுக்கின கண்ணிக்குள் அடுத்த வரிசையில் ஊசி போக இடமில்லை. ஜெனோவா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏ பிள்ள, நூல ஏன்டி இப்படி கழுத்த நெரிக்க? கொஞ்சம் மூச்சு விட விடு." தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், கான்வென்ட் ஹாஸ்டலில் சிஸ்டர்மாரிடம் கற்றுக்கொண்டது, பேச்சில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாது. சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். கழுத்தை நெரிக்கிற வார்த்தை மட்டும் போகாமல் இங்கேயே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டது. போன வருஷம் ஆஸ்பத்திரி வராண்டாவில் யாரோ யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்கள், கொடி சுத்திக்கிச்சாம், கழுத்துல, ரெண்டு சுத்து. யார் அவர்கள்? பச்சைச் சேலைக்காரி ஒருத்தி இருந்தாள். அவளா, அவளோடு வந்தவளா? விடு, சுத்து, இழு. இந்தச் சுத்து என்கிற வார்த்தையை மாற்றிக்கொள்ளலாம். விடு, போடு, இழு. போடு என்பது நல்ல வார்த்தை.

காலையிலிருந்து வயிற்றில் அசைவில்லை. இதை வாசுகி இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. தனக்கே கூட முழுசாகச் சொல்லிக்கொள்ளவில்லை. காலையிலிருந்து என்று ஆரம்பித்து, காலையில் சரியாகக் கவனிக்கவில்லை என்று முடித்துக்கொள்கிறாள். ஏழாம் மாதம். படுத்தே இருக்கச் சொல்லி டாக்டரம்மா வேலையை விட வைத்துவிட்டார். படுத்தே இருப்பது என்றால் நாள் பூராவும் வயிற்றுக்குக் காவல் இருப்பது என்று அந்த அம்மாவுக்கு யார் சொல்வது. என்ன செய்ய வேண்டும் என்று வாசுகிக்கு நன்றாகவே தெரியும். இனிப்பாக எதையாவது குடித்துவிட்டு, இடது பக்கமாகச் சாய்ந்து, கையை வயிற்றில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். காத்திருந்தால் தெரிந்துவிடும். அதுதானே சங்கடம், தெரிந்துவிடும். தெரிந்த பிறகு தெரியாமல் இருந்த நேரத்துக்குத் திரும்பிப் போக முடியாது. குரோஷாவில் ஒரு பெரிய சௌகரியம், அதற்கு இரண்டு கையும் வேண்டும். இடது கை நூலைப் பிடிக்க வேண்டும், வலது கை ஊசியைப் பிடிக்க வேண்டும். வயிற்றுக்குப் போக மூன்றாவது கை இல்லை. ஊசியைக் கீழே வைத்தால்தான் கை அங்கே போகும். வைக்க வேண்டாம். வரிசை நடுவில் வைத்தால் கண்ணி கழன்றுவிடும் என்று ஜெனோவாவே சொல்லியிருக்கிறாள். இந்த வரிசை முடியட்டும். முடிந்ததும் கையை வைத்துப் பார்க்கலாம்.

வரிசை முடிந்தது. திருப்பி அடுத்ததை ஆரம்பித்துவிட்டாள்.

சொன்னால் என்ன ஆகும்? புருஷன் பூபதிக்குப் போன் போட வேண்டும். அவன் கட்டிங் டேபிளில் கத்தியை நிறுத்திவிட்டு, மேனேஜரிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டும். இதற்கு முன்னால் இப்படிப் பயந்து போனதெல்லாம் சும்மா போனதுதான். முதல் தடவை ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதே உள்ளே இருந்து ஒரு உதை விட்டது பாருங்கள், என்னை எதற்கு இங்கே கூட்டிவந்தாய் என்கிற மாதிரி. அடுத்த தடவை வயிற்றில் பெல்ட்டைக் கட்டியதுமே இதயத் துடிப்பு குதிரை ஓடுவது போல அறை முழுக்கக் கேட்டது. அதற்கடுத்த தடவை நர்ஸம்மாவே சிரித்துவிட்டாள். "உங்க புள்ளைக்கு எங்க லேபர் வார்டுதான் சொந்த ஊடு போல இருக்குது. பொறக்கறதுக்கு முன்னாலயே வந்து வந்து பார்த்துட்டுப் போவுது." கேலிதான், கெட்ட மனசு இல்லை. பூபதியும் வண்டியில் திரும்பும்போது ஒன்றும் சொல்லவில்லை, இளநீர் வாங்கிக் கொடுத்தான். ஒன்றும் சொல்லாத மனுஷன்தான் அவன். அதனாலேயே அவன் என்ன நினைக்கிறான் என்று அவளே நினைத்து நினைத்து நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாலாவது தடவையும் போய், நாலாவது தடவையும் குதிரை ஓடினால் நர்ஸம்மா என்ன சொல்வாள்? ஓடட்டுமே. சிரிக்கட்டுமே. நர்ஸம்மா சிரிக்கிற அந்த அறையை நினைத்ததும் வாசுகிக்கு அங்கே போய்விட வேண்டும் போல இருந்தது. உடனே வேறு ஒரு அறை வந்தது. குளிரூட்டின அறை. கம்ப்யூட்டரை இவள் பக்கம் திருப்பி வைத்துப் பேசிக்கொண்டே இருந்த ஸ்கேன் பெண், பேச்சை நிறுத்தினாள். நிறுத்திவிட்டுத் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவ்வளவுதான். அவள் ஒன்றும் சொல்லவில்லை, சொல்வதற்கு அவளுக்கு உரிமையும் இல்லை, டாக்டர் வந்துதான் சொன்னார். ஆனால் வாசுகிக்கு அந்தத் திரை திரும்பினபோதே எல்லாம் முடிந்துபோயிற்று. போடு, இழு. இழு, வாசுகி, இழு.

அது போன வருஷம், இதே ஏழாம் மாதம். வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்தச் சமயம் டேபிளில் ஓடினது குழந்தை உடுப்பு. கையும் காலும் மூடின மாதிரி முழு உடுப்பு, நெஞ்சில் ஒரு வாத்து. எந்தத் தேசத்துக் குழந்தைகளோ, அதுகளின் அக்குளில் நூல் உறுத்தக் கூடாது என்று உள்பக்கம் திருப்பித் திருப்பி விரலை விட்டுப் பார்த்தாள். ஆயிரம் வாத்து பார்த்திருப்பாள். ஒரு வாத்தை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. கம்பெனி விட்டாலும் வீட்டில் விட மாட்டார்கள். பிறக்கிறதுக்கு முன்னால் குழந்தைக்கு என்று ஒரு நூல் கூட வாங்கக் கூடாது, தைக்கக் கூடாது, எடுத்து வைக்கக் கூடாது. பிறந்த பிறகு யாராவது நல்லபடியாகப் பிள்ளை வளர்த்தவர்கள் கட்டின பழஞ்சேலையைக் கிழித்துத்தான் முதலில் சுற்றுவார்கள். வாசுகியும் அதை மீறவில்லை. கையால் தொட்டதெல்லாம் ஊரான் குழந்தை உடுப்பு, அது கணக்கில் வராது என்றுதான் நினைத்தாள். வருமோ? வந்திருக்குமோ? இதை ஜெனோவாவிடம் கேட்டபோது அவள், "அப்பம் இந்த ஊர்ல ஒருத்திக்கும் பிள்ள பிறக்கக் கூடாதுல்லா?" என்றாள். சரிதான். சரியான பேச்சு கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது, பயத்துக்குத்தான் காது இல்லை.

"அது என்னத்துக்கு ஆவறது?"

அத்தையின் குரல். வாசுகிக்கு ஊசி ஒரு தரம் நழுவிப் பிடிபட்டது. பூபதியின் அம்மா பழனாத்தா, ஒரு கையில் அலச வேண்டிய துணிகளும் மறு கையில் சோப்புமாக நிலைப்படியில் நின்றாள். பார்வை மடியில் கிடந்த நூல் உருண்டைமேல். நூல் மஞ்சள். பஞ்சு போல மெத்தென்ற மஞ்சள். கடையில் இருந்ததிலேயே அதுதான் மிருதுவாக இருந்தது என்று ஜெனோவா வாங்கிவந்தது. இதை வைத்துக்கொண்டு என்ன சொன்னாலும் நம்புகிற மாதிரி இல்லை.

"மிக்சிக்கு உறை போடலாம்னுங்க அத்தை."

"மிக்சிக்கா."

"ஆமாங்க. தூசி படியுதுங்களே."

பழனாத்தா அந்த மஞ்சளைப் பார்த்தாள், வாசுகியைப் பார்த்தாள், அடுப்புத் திண்டில் தேங்காய்ச் சட்னி தெறித்துக் கறை ஏறிக் கிடக்கும் மிக்சியையும் ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு வந்த வாழ்வைப் பார் என்று நினைத்திருக்கலாம். "எந்நேரமும் குனிஞ்சுட்டே உக்காராத. சித்த சாஞ்சு படு, கண்ணு," என்று மட்டும் சொல்லிவிட்டுத் துவைக்கிற கல்லுக்குப் போனாள். கேட்கவில்லை. இன்றைக்குப் புள்ளை எப்படி, அசையுதா என்று அவள் இந்தத் தடவை ஒரு நாளும் கேட்டதில்லை. ராகிக் களி கிளறுகிறாள், முருங்கைக்கீரை பொரிக்கிறாள், வெந்நீர் வைத்துத் தருகிறாள், வாசுகியைக் குடம் தூக்க விடுவதில்லை. வயிற்றை மட்டும் பார்ப்பதில்லை. பேசும்போது முகத்துக்கு மேலேயே கண்ணை நிறுத்திக்கொள்கிறாள். போன வருஷம் ஒரு சாயங்காலம் இதே நிலைப்படியில் வாசுகிதான் சொன்னாள், இன்னைக்கு அசைவே தெரியலீங்க அத்தை என்று. "தூங்குதாட்ட இருக்குது. நீ போட்டு நோண்டாத," என்றாள் அத்தை. நாலு பெற்றவள் சொல்கிறாளே என்று வாசுகிக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியில் தூங்கினாள். மறுநாள் வேலைக்கும் போனாள். அத்தையின் மேல் கோபமா என்றால் இல்லை. இல்லை என்றுதான் எல்லோரிடமும் சொன்னாள். டாக்டரும் சொன்னார், அன்றைக்கே வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாமல் இருக்கலாம் என்று. இருக்கலாம் என்றார். எதற்காக அந்த இருக்கலாமைப் போட்டார்? முடியாது என்று முடித்திருந்தால் என்ன?

துண்டைத் தூக்கிப் பார்த்தாள். சதுரமாக வர வேண்டியது. கீழே அகலமாக ஆரம்பித்து, மேலே போகப் போகக் குறுகி, முக்கோணமாகிக்கொண்டிருந்தது. எங்கே போயிற்று? கண்ணி கழலவில்லை, அறுந்தும் போகவில்லை, ஓட்டை விழவில்லை. துணியில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. ஆனால் குறைந்திருக்கிறது. ஜெனோவா எச்சரித்த சங்கதிதான். "கடைசிக் கண்ணி ஒளிஞ்சிக்கிடும் பிள்ள. திருப்பும்போது அதத் தேடிப் பிடிச்சி ஊசிய விடணும். விட்டியன்னா வரிசைக்கு ஒண்ணா குறைஞ்சிக்கிட்டே வரும், ஒனக்கே தெரியாது." தனக்கா தெரியாது என்று மனசுக்குள் சிரித்தாள் வாசுகி அப்போது. இப்போது ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே எந்த வரிசையில் முதலில் விட்டோம் என்று தேடினாள். இந்த வரிசையா, அதற்குக் கீழேயா? கண்ணெதிரே தான் போட்டதுதான், தன் கை போட்டதுதான், எப்போது விட்டுப்போயிற்று என்று தெரியவில்லை. போன வருஷமும் இப்படித்தான் தேடினாள். வார்டில் படுத்துக்கொண்டு, பால் கட்டிக் கல்லாகிப்போன மார்போடு, தேடினாள். காலையில் டீ குடித்தபோது இருந்ததா? கம்பெனி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தபோது ஒரு அசைவு, அது வியாழனா, புதனா? டேபிளில் நின்றுகொண்டிருந்தபோது அது நின்றிருந்தால்? அடுத்தவன் துணியில் நூலளவு குற்றத்தைப் பிடிக்கிறவள் தன் உடம்புக்குள் ஒரு உயிர் நின்றதைப் பிடிக்கவில்லையே என்று யாரும் சொல்லவில்லை. ஒருத்தர் கூடச் சொல்லவில்லை. அவளுக்குத்தான் எல்லோர் வாயிலும் அது கேட்டது.

இப்போது ஏதோ அசைந்தது. அசைந்ததா? மூச்சைப் பிடித்தாள். பக்கத்து வீட்டுச் சின்னத் தையல் யூனிட்டில் ஓவர்லாக் மிஷின் ஓடுகிறது, அதன் அதிர்வு சுவர் வழியாகக் கட்டிலுக்கு வந்து, கட்டில் வழியாக முதுகுக்கு வருகிறது. அதுவாக இருக்கும். அல்லது வாயு. அல்லது அவளுடைய இதயமே அடிவயிறு வரைக்கும் அடிக்கிறது. மிஷின் நிற்கட்டும் என்று காத்தாள். நின்றது. ஒன்றுமில்லை. நிற்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. இப்போதே எழுந்து போய்ச் சொல். ஐந்து அடி தூரத்தில் அத்தை துணி அலசுகிறாள். ஊசியை வைத்துவிட்டு எழுந்திரு. எழுந்திருப்பதற்குள் இந்த வரிசை மட்டும் முடியட்டும். முடித்துவிட்டால் எல்லாம் நல்லபடியாக இருக்கும் என்று எவனோ எழுதி வைத்த மாதிரி, கடைசிக் கண்ணியைத் தவறவிடாமல் பிடித்துவிட்டால் போதும் என்று ஒரு கணக்கு எப்படியோ உள்ளே முளைத்துவிட்டது. பைத்தியக்காரத்தனம் என்று தெரிகிறது. தெரிந்துகொண்டேதான் கை வேகமாகப் போகிறது. விடு, போடு, இழு. போடு, சேர்த்து இழு. கடைசிக்கு வந்துவிட்டாள். ஓரத்தை மடக்கி, நகத்தால் கிளறி, அந்த ஒளிந்துகொண்ட கண்ணியைக் கண்டுபிடித்துவிட்டாள். ஊசி உள்ளே போயிற்று, நூல் வந்தது, முடிந்தது. துண்டை முழங்கால்மேல் விரித்து, உள்ளங்கையால் ஒரு நீவு நீவினாள். ஓரத்தில் ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. தலையணைக்குப் பக்கத்தில், வேலையை விட்ட பிறகும் பழக்கத்துக்காக வைத்துக்கொண்டிருக்கிற டிரிம்மர், பிசிறு வெட்டும் சின்னக் கத்தரி. எட்டு வருஷமாக நூல் தொங்குவதைப் பார்த்தால் கை என்ன செய்யுமோ அதைச் செய்தது. டக்.

அது பிசிறு இல்லை. உருண்டையிலிருந்து வந்துகொண்டிருக்கிற நூல். உருண்டை மடியிலிருந்து சரிந்து, கட்டிலிலிருந்து விழுந்து, சிமெண்டுத் தரையில் உருண்டு போய் அலமாரிக் காலில் முட்டி நின்றது. வெட்டுப்பட்ட முனை ஊசிக்குக் கீழே ஒரு விரல் நீளம் இருந்தது. முடிச்சுப் போட்டால் ஒட்டிக்கொள்ளும், ஒன்றும் கெட்டுப்போகவில்லை, ஜெனோவா பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள். வாசுகி அந்த முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொடியை நானே வெட்டிவிட்டேன். நினைக்காதே. நான்தான், என் கைதான். நினைக்காதே என்று சொல்லும்போதே நினைத்தாயிற்று. ஊசி கையிலிருந்து எப்போது விழுந்தது என்று தெரியவில்லை. இரண்டு கையும் சும்மா இருந்தன. சும்மா இருந்த கைகள் நேராக வயிற்றுக்குப் போயின. வயிறு இறுகி, சுமையாக, அமைதியாக இருந்தது. அழுத்தினாள். பக்கத்தில் அழுத்தினாள். சாமி, ஒரு உதை. ஒரே ஒரு உதை. ஒன்றும் இல்லை.

எழுந்தாள். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். வெயிலில் துவைக்கிற கல் வெள்ளையாகக் கண்ணைக் கூச வைத்தது.

"அத்தை."

"ம். ஏன் எந்திரிச்சு வந்த?"

"காலைல இருந்து அசையலீங்க."

பூபதியின் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்த பழனாத்தாவின் கை அப்படியே நின்றது. சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "காலைல இருந்தா? பொழுது சாயப் போவுது. இத்தன நேரம் வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன உனக்கு?"

"போன தடவ சொன்னனுங்களே, அத்தை."

இதைச் சொல்ல வேண்டும் என்று வாசுகி நினைத்திருக்கவில்லை. கோபத்தோடும் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதிலாக வந்தது. ஆனால் ஒரு வருஷமாக அந்த வீட்டில் யாரும் தொடாமல் வைத்திருந்தது அதுதான். பழனாத்தா சட்டையைக் கல்லிலேயே போட்டுவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே உள்ளே போய் ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்துக்கொண்டு வந்தாள். கதவை இழுத்துப் பூட்டினாள். "நட, கண்ணு. மெதுவா நட," என்றாள். அவள் மட்டும் மெதுவாக நடக்கவில்லை. செருப்பில்லாமல் அந்தத் தார் ரோட்டில் ஓடிப் போய், சந்து முனையில் போன ஆட்டோவுக்குக் குறுக்கே நின்றாள்.

ஆட்டோவில் பூபதிக்குப் போன் போட்டுப் பேசியது வாசுகிதான். நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க என்றாள். அவன் ஏன், என்ன என்று கேட்கவில்லை. வந்துட்டேன் என்றான். பழனாத்தா ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சிக்னலில் வண்டி நின்றபோது, "அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தாள். வண்டி கிளம்பியது, அவள் முடிக்கவில்லை. முடிக்காமல், இந்த ஏழு மாதத்தில் முதல் தடவையாக, வாசுகியின் வயிற்றில் தன் கையை வைத்தாள். சோப்பு நீரில் ஊறிச் சுருங்கின கை, ஈரம் இன்னும் காயவில்லை. பழனாத்தா நடுங்கிக்கொண்டிருந்தாள். வேகத்தடையில் ஆட்டோ தூக்கிப் போட்டது. அந்தக் கைக்கு அடியில் ஏதோ துடித்தது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"அசைஞ்சுதா?" என்றாள் பழனாத்தா.

"உங்க கைதான் நடுங்குதுங்களா, உள்ளயானு தெரியலீங்க. கைய எடுங்க அத்தை, பார்க்கலாம்."

பழனாத்தா எடுக்கவில்லை. எடுக்க முடியாமல், கண்ணை இறுக மூடிக்கொண்டு, இருக்கட்டும் இருக்கட்டும் என்று தலையை மட்டும் ஆட்டினாள். வாசுகி அந்த ஈரக் கையை மெதுவாகப் பிடித்துத் தூக்கி, தன் கைக்குள் வைத்துக்கொண்டு, காத்திருந்தாள்.